குழிக்குள் இறங்குமுன் கொஞ்சம் நில்லுங்கள்!

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

பால்வெட்டுக் கத்தி, குலை அறுக்கும் அரிவாள், மருந்துப் பம்பு ஆகியவற்றின் ஆபத்து நமக்குப் பழகிப்போனது. மண்ணின் ஆபத்துத்தான் பலருக்குத் தெரிவதில்லை. "மண்ணுதானே, என்ன செஞ்சிடும்?" என்று கேட்டுக்கொண்டே குழிக்குள் இறங்கிவிடுகிறோம்.

பந்திங், தெலுக் இந்தான் பக்கத்துக் கடலோரத் தோட்டங்களில் கால்வாய் இல்லாமல் செம்பனை இல்லை. மண்வாரி இயந்திரம் ஆழமாக வெட்டிப் போடும். கரையைச் சீராக்கவும் குழாய் பதிக்கவும் ஆள்தான் கீழே இறங்க வேண்டும். ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமுள்ள மண்ணின் எடை ஒரு டன்னுக்கு மேல். ஒரு புரோட்டோன் சாகா கார் நெஞ்சின் மேல் விழுந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை வெளியே தெரிந்தாலும் ஆள் பிழைப்பது நிச்சயமில்லை. மூச்சை விடும்போதெல்லாம் மண் இறுக்கிக்கொண்டே வரும். மறுபடி மூச்சை இழுக்க நெஞ்சு விரியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால் நெஞ்சளவு ஆழம் என்றாலே சந்தேகப்படுங்கள். சுவரைச் சரிவாகவோ படிப்படியாகவோ வெட்டியிருக்க வேண்டும். இல்லையேல் பலகை, முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கரை ஓரத்தில் குவிக்கக்கூடாது. இரண்டடியாவது தள்ளிப் போட வேண்டும். ஏறி வர ஏணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். இராத்திரி மழை பெய்திருந்தால், காலையில் விவரம் தெரிந்தவர் பார்த்த பிறகே இறங்க வேண்டும். கரையில் வெடிப்புக் கண்டால் உடனே மேலே வந்துவிடுங்கள்.

இயந்திரத்துக்கும் மரியாதை கொடுங்கள். அது திரும்பும்போது பின்பாரம் ஆளை நசுக்கிவிடும். ஓட்டுநருக்குப் பின்னாலும் பக்கத்திலும் எல்லாம் தெரியாது. அவர் உங்களைப் பார்த்துக் கையசைக்கும்வரை கிட்டே போகாதீர்கள். தூக்கிய வாளிக்குக் கீழே நிற்கவே நிற்காதீர்கள். கூட வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழருக்கும் சாடை காட்டியாவது சொல்லுங்கள். மண்ணுக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது.

"இறங்க மாட்டேன்னா நாளைக்குப் பேரு போட மாட்டாங்களே அண்ணே" என்று தம்பிகள் கேட்பது எனக்குத் தெரியும். பெரட்டுக் களத்தில் மண்டோரின் முகம் மாறும் என்ற பயம் பொய்யல்ல. ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பெரிவது சிரமம். ஆனால் சட்டம் இப்போது உங்கள் பக்கம் பேசுகிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ கடுமையான ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளி தரப்புக்குச் சொல்லியும் அவர்கள் நீக்கவில்லை என்றால், நீங்கள் அந்த வேலையை விட்டு விலகலாம். அதற்காக உங்களைப் பழிவாங்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆகவே முதலில் வாய் திறந்து சொல்லுங்கள். இரண்டு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். நாள், நேரம், இடம் குறித்து வையுங்கள். கிளைச் செயலாளரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள். ஒருவர் மறுத்தால் முரடன் என்பார்கள். கும்பலாக எல்லாரும் நின்றால் பலகை தானாக வந்து சேரும்.

மீறி மண் சரிந்துவிட்டால் பதறிக் குதிக்காதீர்கள். இரண்டாவது சரிவு காப்பாற்றப் போனவரையும் மூடும். இயந்திர வாளியால் ஆளைத் தோண்டக்கூடாது. 999-ஐ அழையுங்கள். காயம் பட்டால் சொக்சோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொக்சோ பணம் குடும்பத்துக்குச் சோறு போடும். அப்பாவைத் திருப்பித் தராது. பலகை அடிக்க அரை நாள் ஆகும் என்பார்கள். ஆகட்டும். அந்த அரை நாளைக் கேட்டு வாங்குங்கள்!