வெதுவெதுப்பான கடலில் எஞ்சின் ஆயிலைக் குளிர்விப்பது

விசைப்படகின் டீசல் எஞ்சினில் ஆயில் தேய்மானத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை, சூட்டையும் சுமக்கிறது. பிஸ்டனின் அடிப்பாகம், கிராங்க் பேரிங், டர்போவின் தண்டு ஆகிய இடங்களில் சூட்டைப் பெரும்பாலும் ஆயில்தான் வாங்கி வருகிறது. தூத்துக்குடிப் படகுகளில் நெடுங்காலமாக ஓடும் அசோக் லேலண்ட் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் லாரிக் குடும்பத்திலிருந்து வந்தவை. ஆனால் லாரிக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, எதிர்க்காற்றும் உண்டு. இழுவலையைக் கடலடியில் போட்டு இழுக்கும் படகுக்கு இவை எதுவும் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே பாரம், மூடிய எஞ்சின் அறை. லாரியில் போதுமானதாக இருந்த ஆயில் கூலர் படகில் திணறுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயில் எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு இரு பக்கமும் எல்லை உண்டு. ஓடும் எஞ்சினில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை நல்ல நிலை. அதற்கு மேல் ஏற ஏற ஆயில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம், தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரு மடங்காகிறது. 80 டிகிரிக்குக் கீழேயே நின்றுவிட்டாலும் கெடுதல்தான்: ஆயிலில் கலந்த ஈரமும் டீசலும் ஆவியாகி வெளியேறாமல் தங்கி, அமிலமும் கசடும் சேர்கின்றன. பெரிய கூலராகப் போட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் அதனால்தான் அரைகுறையானது. பெரிய கூலரைப் போடுவதானால், ஆயில் சூடேறும்வரை கூலரைச் சுற்றிக் கடத்திவிடும் தெர்மோஸ்டாட் வால்வையும் சேர்த்தே போட வேண்டும்.

அடுத்த கணக்கு கடலின் வெப்பம். ஆறுமுகநேரிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், காயல்பட்டினத்துக்கும் புன்னைக்காயலுக்கும் முன்னால் விரியும் மன்னார் வளைகுடாவில் மேற்பரப்பு நீர் ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 30 டிகிரிவரை இருக்கும். பவளப்பாறைகள் வெளுத்த 2010, 2016 கோடைகளில் அது 31 டிகிரியையும் தாண்டியது. கப்பல்களுக்குச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் எஞ்சின் திறனைக் கணக்கிடக் கடல்நீர் 32 டிகிரி என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்தக் கரைக்கு அதுவே பொருத்தமான எண். குளிர்நாட்டுக் கேட்லாக்கில் கூலர் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த அட்டவணை எத்தனை டிகிரி நீருக்குப் போடப்பட்டது என்பதைத்தான்.

குளிர்விக்கும் பரப்பு இரு பக்க வெப்ப வேறுபாட்டுக்கு எதிர்விகிதத்தில் மாறும். எஞ்சின் ஆயில் 105 டிகிரி என்றால், 10 டிகிரிக் கடலில் வேறுபாடு 95. 30 டிகிரிக் கடலில் 75. கால் பங்கு கூடுதல் பரப்பு போதும். கியர்பாக்ஸ் ஆயிலின் கதை வேறு. அதை 70 டிகிரி அளவில் வைக்க வேண்டுமென்றால் வேறுபாடு 60லிருந்து 40ஆகச் சுருங்கும். பரப்பு ஒன்றரை மடங்கு வேண்டும். வெளிநாட்டுச் செட்டில் எஞ்சின் கூலர் எப்படியோ தாக்குப்பிடிக்க, கியர் கூலர் மட்டும் கைவிடுவது இதனால்தான். பலர் எஞ்சின் கூலரையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர் அளவைச் சரிபார்ப்பதும் எளிது. 90 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 120 குதிரைத்திறன் எஞ்சின் ஆயிலுக்கு 10 கிலோவாட் சூட்டைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 லிட்டர் கடல்நீர் கூலர் வழியே போனால் அது சூடாவது இரண்டரை டிகிரிதான். வெளியேறும் தண்ணீர் இதைவிட வெகுவாகச் சூடாக இருந்தால், கூலர் சிறிது என்று முடிவுகட்டுவதற்கு முன் பம்பின் இம்பெல்லரையும் அடைத்த ஸ்ட்ரெய்னரையும் பார்ப்பது நல்லது.

ஆயில் கூலரில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஒன்று, எஞ்சினின் நன்னீர்ச் சுற்றிலேயே தட்டடுக்குக் கூலரை வைப்பது. நன்னீர் 80, 85 டிகிரியில் இருப்பதால் வேறுபாடு குறைவு, பரப்பு நிறைய வேண்டும். ஆனால் ஆயில் சீக்கிரம் சூடேறும், அளவுக்கு மீறிக் குளிராது. இன்னொன்று, உருளைக்குள் குழாய்க்கட்டு வைத்து, குழாய்க்குள் கடல்நீரையும் வெளியே ஆயிலையும் ஓட்டுவது. இது சிறியது, திறம்படக் குளிர்விக்கும், பட்டறையிலேயே கழற்றித் துலக்கலாம்.

இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது, குழாய் ஓட்டையானால் என்ன ஆகும் என்ற கேள்வி. ஓடும்போது ஆயில் அழுத்தம் 3 முதல் 5 பார். கடல்நீர் அழுத்தம் பெரும்பாலும் ஒரு பாருக்கும் கீழே. ஆகவே ஓட்டை வழியே ஆயில்தான் கடல்நீருக்குள் போகிறது. புகைக்குழாயிலிருந்து விழும் தண்ணீரில் வானவில் நிறப் படலம் தெரியும், ஆயில் மட்டம் இறங்கும். எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழ். ஆயில் அழுத்தம் பூஜ்யமாகி, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் கூலரில் கடல்நீர் மெல்லக் கசிந்து ஆயில் பக்கம் சேர்கிறது. மறுநாள் அதிகாலையில் டிப்ஸ்டிக்கை உருவினால் மட்டம் கூடியிருக்கும். ஸ்டார்ட் செய்த சற்று நேரத்தில் ஆயில் பால் விட்ட காபிபோல் வெளுத்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் பேரிங் தப்பாது. மட்டம் குறைவதைக் கண்டு பதறுகிறவர்கள் கூடுவதைக் கண்டு நிம்மதி அடைவது விந்தைதான். ஆகவே, எஞ்சின் ஆயிலுக்கு நன்னீர் வழிக் கூலர், கியர்பாக்ஸுக்குக் கடல்நீர்க் கூலர் என்று பிரித்து வைப்பது பெரும்பாலான படகுகளுக்கு நல்ல ஏற்பாடு.

கடல்நீர் படும் பகுதியின் உலோகத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அலுமினியம் ஆகாது, அது லாரி ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் உரியது. சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்புக்கூடு மட்டும் மிஞ்சும். 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும் கலந்த குப்ரோநிக்கல்தான் நடைமுறைத் தேர்வு. செம்புக் குழாயில் நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் அரிப்பு தொடங்கும். குப்ரோநிக்கல் 2 மீட்டருக்குச் சற்று மேல்வரை தாங்கும். வேகம் மிகக் குறைந்தாலும் கேடுதான். தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிக் கலங்கிய நீரில் ஓடும் படகில், மெதுவாகப் போகும் தண்ணீர் சேற்றைக் குழாயிலேயே விட்டுச்செல்கிறது. சேற்றுக்கு அடியில் குழி விழுகிறது. டைட்டேனியத்தைக் கடல்நீர் எதுவும் செய்யாது. அதன் தாதுவான இல்மனைட்டைச் செயற்கை ரூட்டைலாக மாற்றும் ஆலை ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்திலேயே இருந்தாலும், டைட்டேனியக் கூலரின் விலை சிறு படகுக்காரருக்கு எட்டாது. கூலரில் திருகப்படும் துத்தநாகக் கட்டை, குழாய்க்குப் பதிலாகத் தான் கரைவதற்காக வைக்கப்படுவது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். கரையவே இல்லை என்றால் கூலரோடு மின்தொடர்பு இல்லை என்று பொருள்.

குழாயில் வெள்ளையாகப் படிவதை உப்பு என்றே பட்டறைகளில் சொல்கிறார்கள். அது உப்பாக இருக்க முடியாது என்பதை உப்பளத்தில் வேலை செய்தவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். நீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் மூன்றரை டிகிரியாகத் தெப்பத்துக்கு வரும் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. 25 டிகிரி போமேயை எட்டினால்தான் பாத்தியில் உப்பு விளையும். கூலருக்குள் நீர் சுண்டுவதில்லை, சூடுதான் ஆகிறது. உப்பு சூட்டில் சற்று அதிகமாகவே கரையும். சுண்ணாம்போ சூடேற ஏறக் கரைதிறன் குறைந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். சுவர் 60 டிகிரியைத் தாண்டினால் இது வேகமெடுக்கும். நன்னீரால் கழுவினால் அந்தப் படிவு போகாததற்குக் காரணம் இதுவே. துத்தநாகக் கட்டையைக் கழற்றிவிட்டு, உலோகத்தைக் காக்கும் மருந்து கலந்த மெல்லமிலத்தில் சிறிது நேரம் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்ப்பது சரியான முறை. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் குப்ரோநிக்கலின் காப்புப் படலம் கிழிந்து, அரிப்புக்கு அங்கேயே வழி திறக்கும். கொட்டலசும் சிப்பிக் குஞ்சும் பெரும்பாலும் கூலருக்கு முந்திய குழாயில்தான் குடியேறும். முத்துச்சிப்பிப் பார்கள் நிறைந்த கடலில் அதற்குக் குறைவே இல்லை.

ஹோஸ் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, அழுத்தத்தை மட்டும் பார்த்து வாங்குவது. ஜேசிபி வண்டிகளுக்கு ஹோஸ் கிரிம்ப் செய்யும் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை எஸ்.ஏ.இ. 100ஆர்1, 100ஆர்2 வகை ஹைட்ராலிக் ஹோஸ்கள். முக்கால் அங்குல ஆர்1 ஹோஸே 100 பாருக்கு மேல் தாங்கும். வெடிக்கும் அழுத்தம் அதற்கும் நான்கு மடங்கு. 5 பார் ஆயிலுக்கு அது ஏராளம். ஆனால் அந்தத் தரநிலையின் வெப்ப எல்லை 100 டிகிரி. பாரத்தில் ஓடும் எஞ்சினின் ஆயில் அதைத் தாண்டும். உள்ளே இருக்கும் நைட்ரைல் ரப்பர் மெல்ல இறுகி, வளைவில் வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். எஞ்சின் ஆயிலுக்கு 150 டிகிரிவரை தாங்கும் தனி ரப்பர் ஹோஸோ, 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும் டெஃப்லான் உள்குழாய் கொண்ட 100ஆர்14 ஹோஸோதான் சரி. கியர்பாக்ஸுக்கு ஆர்1 போதும். எஞ்சின் அறையில் தீப்பற்றினால் ஹோஸ் உடனே உருகி ஆயிலை ஊற்றக் கூடாது என்பதற்காகக் கடல் பயன்பாட்டுக்கு ஜே1942 என்ற தனித் தரநிலையும் உண்டு.

உள்விட்டம் பம்பின் துவாரத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. குளிர்ந்த கெட்டி ஆயில் சீராக ஓடும்போது அழுத்த இழப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். முக்கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் போட்டால் இழப்பு ஐந்து மடங்கு. வளைவிலும் கணக்கு உண்டு. முக்கால் அங்குல ஆர்2 ஹோஸை 240 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கலாகாது. அழுத்தத்தில் ஹோஸின் நீளம் 2 சதவீதம் கூடவோ 4 சதவீதம் குறையவோ செய்யும். விறைப்பாகப் பூட்டினால் முனைதான் பிடுங்கும். ஹோஸின் மேல் ஓடும் எழுத்து வரி முறுக்கிக்கொண்டிருந்தால் முனையைத் தளர்த்தித் திரும்பப் பூட்ட வேண்டும். கடல்நீர் உறிஞ்சும் பக்கத்துக்குச் சுருள்கம்பி பொதிந்த ஹோஸே வேண்டும், இல்லையேல் உறிஞ்சலில் சப்பிப்போகும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனையிலும் 316 ரக எவர்சில்வர் கிளிப் இரண்டு.

கூலர் ஃபில்டருக்கு முன்னால் இருப்பது நல்லது. ஹோஸிலிருந்தோ கூலரிலிருந்தோ உதிர்வதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். பேரிங் உருகிய எஞ்சினைப் புதுப்பிக்கும்போது பழைய கூலரையே மாட்டுவது வீண் சிக்கனம். அதன் மடிப்புகளில் தங்கிய உலோகத் தூள் புதிய பேரிங்கைத் தேடி வரும்.

இவற்றைச் செய்ய ஏற்ற காலம், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து முதலில் கடலுக்குப் போகும்போது முழு பாரத்தில் அரை மணி நேரம் ஓட்டி, கூலருக்கு முன்னும் பின்னும் ஆயில் வெப்பத்தையும், நுழையும் வெளியேறும் நீரின் வெப்பத்தையும் ஒரு தாளில் குறித்து எஞ்சின் அறைக் கதவில் ஒட்டிவைத்தால், பிறகு வரும் அடைப்பு அந்த எண்கள் நகர்வதிலேயே தெரிந்துவிடும்.