பயந்த நாய்க்குப் பகல் காப்பகம் சரிப்படுமா?

(நமது நெய்யாற்றின்கரை நிருபர்)

காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டால் மாலை ஏழு மணிக்குத்தான் திரும்புகிறோம். கணவனும் வேலைக்கு, மனைவியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. கோட்டுகால், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் குடியிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அன்றாடக் கணக்கு இதுதான். இந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நம் வீட்டு நாய் என்ன செய்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறோமா?

பெரும்பாலான நாய்கள் தூங்கிவிடும். சில நாய்களால் அது முடிவதில்லை. கதவைப் பிறாண்டும், ஊளையிடும், வைத்த சோற்றைத் தொடாது, கூடத்திலேயே மூத்திரம் போய்விடும். மாலையில் களைத்து வந்து இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். "அண்ணாச்சி, உங்க நாய் இன்னிக்கும் நாள் பூரா ஒரே ஊளை. ஏதாவது வழி பண்ணுங்க" என்பார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. நாயா, வீடா என்ற கேள்வியே வந்துவிடும்.

திருவனந்தபுரம் நகரத்தில் இப்போது நாய்களை விட்டுவிட்டுப் போகக் காப்பகங்கள் இருக்கின்றன. ஹாஸ்டல் என்றும் சொல்கிறார்கள். காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துக்கொள்ளலாம், பால்வாடி மாதிரி. "மனுஷப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவே ஆள் இல்லை, நாய்க்கு பால்வாடியா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கலாம். ஆனால் வேறு வழிகள் என்னென்ன என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அவிழ்த்து விட்டால்?

"காலையில் அவிழ்த்து விட்டுவிடுவேன், சாயங்காலம் தானே வந்துவிடும்" என்பது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கம் இன்று எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கோட்டுகால் பஞ்சாயத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2021 ஜூன் மாதக் கடைசியில் அடிமலத்துறைக் கடற்கரையில், படகின் நிழலில் படுத்திருந்த ப்ரூணோ என்ற லாப்ரடார் வளர்ப்பு நாயை அடித்துக் கொன்று கடலில் எறிந்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்து நாடே பதறியது. மூவர் கைதானார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்குக்கு ப்ரூணோவின் பெயரையே வைத்தது.

வளர்ப்பு நாய்களுக்கு உள்ளாட்சியில் பதிவு செய்து லைசென்ஸ் எடுப்பதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் அந்த வழக்கில் உத்தரவானது. கேரளப் பஞ்சாயத்துகளில் நாய்க்கு லைசென்ஸ் என்பது 1998-ஆம் வருஷத்து விதியிலேயே இருந்ததுதான். லைசென்ஸுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சர்டிபிகேட் வேண்டும். வெளியூர்க்காரர்களாகிய நாம் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு தகராறு என்று வந்தால் நமக்காகப் பேசுவது அந்தக் காகிதம்தான்.

கட்டிப் போட்டால்?

அவிழ்த்து விடுவது ஆபத்து என்றால், நாள் பூரா சங்கிலியில் கட்டிப் போடலாமா? 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. அளவுக்கு மீறிய நேரம், அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வளர்க்கும் நாயை நடக்க விடாமல், ஓட விடாமல் வைத்திருப்பதும் குற்றமே. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான் என்பது வேறு விஷயம். பயந்த சுபாவமுள்ள நாயைக் கட்டிப் போட்டால் அதன் பயம் இரட்டிப்பாகும். பயப்படும் இடத்திலிருந்து விலகிப் போகவும் முடியாமல் போகிறதல்லவா!

ஆகவே காப்பகம் என்ற யோசனை பணக்காரர்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. கேள்வி வேறு: பயந்த நாய்க்கு அது நல்லதா, கெடுதலா?

எதைக் கண்டு பயம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. நாய் எதற்குப் பயப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இதை முதலில் கண்டுபிடிக்காமல் பணத்தைக் கட்டினால் பணமும் போகும், நாயும் கெடும்.

ஒருவகை, தனிமைப் பயம். தாயைப் பிரிந்த குழந்தை போன்றது. இது வெறும் உவமை அல்ல. குழந்தைகள் தாயிடம் எவ்வளவு ஒட்டுதலாக இருக்கின்றன என்பதை அறிய மேரி எயின்ஸ்வர்த் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை வகுத்திருந்தார். 1998-இல் ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் அதே சோதனையை நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் நடத்தினார்கள். புது இடத்தில் எஜமானர் உடனிருந்தால் நாய் தைரியமாகத் திரிகிறது. அவர் வெளியே போனதும் கதவடியில் போய் நிற்கிறது. ஏறக்குறைய குழந்தை செய்வதையே செய்தது.

இன்னொரு வகை, வெளியுலகப் பயம். மற்ற நாய்கள், புது மனிதர்கள், வேட்டுச் சத்தம், செண்டை மேளம், லாரி ஹாரன் இவற்றைக் கண்டால் நடுங்கும். பின்லாந்து நாட்டில் 13,700 நாய்களைப் பற்றி விசாரித்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சத்தத்துக்குப் பயப்படுபவை மட்டும் நூற்றுக்கு 32 என்று தெரிந்தது. மூன்றில் ஒன்று! திருவிழாவும் வெடிக்கட்டும் மிகுந்த நம் பக்கத்து நாய்களைச் சொல்லவா வேண்டும்.

முதல் வகை நாய்க்கு வேண்டியது துணை. காப்பகத்தில் அன்பான ஆள் இருந்தால் அது தேறக்கூடும். இரண்டாம் வகை நாயை இருபது நாய்கள் குரைக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டால், தண்ணீருக்குப் பயப்படுபவனைக் கடலில் தள்ளிய கதைதான். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பார்கள். பல சமயம் சரியாவதில்லை. பயம் முற்றிக் கடியில் போய் முடியும்.

கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது பழைய மொபைல் போன் ஒன்றை ஜன்னலில் வைத்து ஒரு மணி நேரம் படம் பிடியுங்கள். தனிமைப் பயம் உள்ள நாய் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ளேயே தொடங்கிவிடும். சாவியையும் டிபன் கேரியரையும் எடுக்கும்போதே மூச்சிரைக்கத் தொடங்கும் நாய்களும் உண்டு. மாறாக, நீங்கள் போனதும் நிம்மதியாகப் படுத்து, தெருவில் சத்தம் கேட்கும்போது மட்டும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தால் அது வேறு பயம். மதியம் வரை தூங்கிவிட்டு அப்புறம் செருப்பைக் கடித்து விளையாடினால் அது பயமே அல்ல, பொழுது போகாத குறும்பு.

அடுத்தபடி மிருகாசுபத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்குள் மூத்திரம் போவது சிறுநீர்க் கோளாறாக இருக்கலாம். கிழட்டு நாய் காரணமில்லாமல் கத்துவது மூப்பின் கோளாறாக இருக்கலாம். பயம் மிகுந்த நாய்களுக்கு மருந்தும் உண்டு. பிரிவுப் பயத்துக்கென்றே குளோமிப்ரமின் 1998-இலும், ஃபுளூவாக்ஸ்டின் 2007-இலும் அமெரிக்காவில் நாய்களுக்கு அங்கீகாரம் பெற்றன. பழக்கி எடுக்கும் பயிற்சியோடு சேர்த்துத்தான் இவற்றைத் தருவார்கள். டாக்டர் சொல்லாமல் மனிதர்களுக்குள்ள மாத்திரையைக் கொடுப்பது விஷப்பரீட்சை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மாலையில் வந்ததும் அடிப்பது. "தப்புப் பண்ணிவிட்டு எப்படி முழிக்கிறது பார்" என்போம். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தத் திருட்டு முழியின் ரகசியத்தைச் சொல்லிவிட்டது. தப்புச் செய்த நாய், செய்யாத நாய் இரண்டுமே திட்டினால் அப்படித்தான் முழிக்கின்றன. காலையில் செய்த காரியத்துக்கு மாலையில் அடி வாங்கும் நாய் தெரிந்துகொள்வது ஒன்றே: எஜமானர் திரும்பி வருவதும் பயப்பட வேண்டிய விஷயம்தான்!

காப்பகத்தில் பார்க்க வேண்டியவை

முதல் தடவை நாயில்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். எத்தனை நாய்க்கு எத்தனை ஆள்? பெரிய நாயையும் சின்ன நாயையும் தனித்தனியாக விடுகிறார்களா? மற்ற நாய்களிடமிருந்து ஒதுங்கிப் படுக்கத் தனி இடம் உண்டா? நம் கடலோரப் புழுக்கத்துக்கு நிழலும் காற்றும் தண்ணீரும் போதுமா? மழைக்காலத்தில் தரை ஈரமில்லாமல் இருக்குமா? எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் நாய்களையும் தாக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பரீட்சை இது. உங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தை அவர்கள் கேட்கிறார்களா? கேட்கவில்லையென்றால் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். வெறிநோயும் பார்வோவும் அந்த வழியாகத்தான் வீடு தேடி வரும்.

இடம் பிடித்திருந்தால் முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள் என்று பழக்குங்கள். முடிவு சொல்ல வேண்டியது நாய்தான். மாலையில் வந்து வழக்கம்போல் சாப்பிடுகிறதா? அடித்துப் போட்டாற்போல் தூங்குவதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்து பயந்து களைத்த நாயும் அப்படித்தான் தூங்கும். மறுநாள் காலை காப்பக வாசலில் அதன் கால்களைப் பாருங்கள். முன்னால் இழுத்தால் சரி. வாலை ஒடுக்கிப் பின்னால் இழுத்தால், இரண்டு மூன்று வாரம் பொறுத்தும் அதே கதையானால், நிறுத்திவிடுவதே தர்மம்.

கைக்கு எட்டிய வழி

கோட்டுகாலில் குடியிருப்பவர் நாயை நகரத்தில் விட வேண்டுமானால் கட்டணத்தோடு ஆட்டோக் கூலியையும் சேர்க்க வேண்டும். சம்பளக்காரர் எல்லோருக்கும் இது கட்டுப்படியாகாது. அதற்காக மனம் தளர வேண்டாம். தனிமைப் பயமுள்ள நாய்க்கு இருபது நாய்கள் தேவையில்லை. ஒரு மனுஷர் போதும். பாலராமபுரம் நெசவுத் தெருவில் வீட்டிலேயே தறி ஓடியபோது நாய் தனியாகக் கிடந்ததில்லை. குழித்தறிப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கட்டையடிச் சத்தத்திலேயே தூங்கும். ஆபீஸ் உத்தியோகம் வந்த பிறகுதான் வீடு காலியானது.

அந்தத் துணையைத் திரும்பத் தேடலாம். பகலில் வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிப் பாருங்கள். மத்தியானம் ஒருமுறை கதவைத் திறந்து, தண்ணீர் வைத்து, சற்று நடக்கவிட ஒரு நம்பிக்கையான ஆளுக்கு மாதம் ஒரு தொகை பேசிக்கொள்ளலாம். ஷிப்ட் வேலைக்காரர்கள் கணவனும் மனைவியும் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். லீவு நாட்களில் இரண்டு நிமிஷம் வெளியே போய் வருவது, பிறகு ஐந்து, பிறகு பத்து என்று பழக்கினால், போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை நாய்க்குப் பிறக்கும். கிளம்பும் முன் அரை மணி நேரம் நடக்கவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதும் இதே கேள்விதான். ரயிலில் நாயைக் கொண்டுபோக விதி உண்டு. ஏ.சி. முதல் வகுப்பில் கூப்பேயையோ அறையையோ முழுவதும் நமக்கே எடுத்தால் உடன் கொண்டுபோகலாம். மற்றபடி பார்சல் ஆபீஸில் புக் செய்து, பிரேக்வேனிலுள்ள நாய்ப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அனுமதியில்லை. தனிமைக்கும் சத்தத்துக்கும் பயப்படும் நாயை அந்த இருட்டுப் பெட்டியில் ஒரு ராத்திரி அடைப்பதைவிட, முன்கூட்டியே பழகிய காப்பகத்திலோ பக்கத்து வீட்டிலோ விட்டுப் போவது நல்லது. "முன்கூட்டியே பழகிய" என்ற வார்த்தைகள் முக்கியம். பண்டிகைக்கு முதல் நாள் தேடினால் பழக்கமும் இராது, இடமும் கிடைக்காது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். தெரியாத இடத்தில், தெரியாத முகங்களுக்கு நடுவே முதல் ராத்திரி எப்படிக் கழிந்தது என்பது நமக்குத் தெரியும். ஒருவனுக்குத் தேவைப்பட்டது பேச்சுத் துணை. இன்னொருவனுக்குத் தேவைப்பட்டது சத்தமில்லாத ஒரு மூலை. வாயில்லாத ஜீவனுக்கும் அப்படியே. நம் நாய்க்கு இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு காப்பகத்தின் படியேறுவோம்.