புறணி பேசத் தெரியும்; மூளையில் உள்ள புறணி தெரியுமா?

திருத்தணி:

‘புறணி’ என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது ஒன்றுதான். ஆள் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசுவது. டீக்கடை பெஞ்சில் தினமும் நடக்கிற சமாசாரம்!

ஆனால் மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கார்டெக்ஸ்’ என்று வருகிறதே, அதற்குத் தமிழ்ப் பெயரும் புறணிதான். முழுப்பெயர், பெருமூளைப் புறணி.

வேறொன்றுமில்லை. புறணி என்றால் மரப்பட்டை, மேல்தோல் என்றும் அர்த்தம் உண்டு. லத்தீன் மொழியில் கார்டெக்ஸ் என்றாலும் மரப்பட்டையே. எல்லையைத் தாண்டி நகரிப் பக்கம் போனால், தெலுங்குப் பாடப்புத்தகத்தில் அது ‘வல்கலம்’. காட்டுக்குப் போன ராமர் உடுத்திய மரவுரிக்கும் அதே பெயர்!

கனம் 4 மில்லி மீட்டர்

இந்தப் பட்டையின் கனம் 2 முதல் 4 மில்லி மீட்டர்தான். ஆனால் அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள். மண்டைக்குள் அடங்குவதற்காகவே மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது.

முருகன் கோவிலின் 365 படியையும் ஏறக் காலுக்கு உத்தரவு போவது இங்கிருந்துதான். கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசுவதும் இதன் தயவால்தான்.

1861-ல் பாரீஸ் டாக்டர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். பிறர் சொல்வது அவருக்குப் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் ‘டான், டான்’ மட்டுமே வரும். இறந்த பிறகு பரிசோதித்தபோது, மூளையின் இடது முன்பக்கம் பழுதாகி இருந்தது.

ஆக, புறணி பேசுவதற்கும் புறணி வேண்டும்!

‘பட்டைதானே’ என்று இருக்காதீங்க

மேல்தோல்தானே என்று அலட்சியம் கூடாது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரமே பட்டுப்போகும். மூளைக்கும் அதே கதிதான்.

திடீரென்று வாய் கோணுதா? ஒரு கை தூக்க முடியலையா? பேச்சு குழறுதா? பக்கவாதமாக இருக்கலாம். கைவைத்தியம், மந்திரிப்பு என்று நேரத்தைப் போக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவு நல்லது.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்!