விமானத் தொழிலில் கம்ப்யூட்டர்: ஃபிட்டர் பிழைப்பு என்னாகும்?

பெங்களூர், எச்.ஏ.எல். ஃபிட்டர் என்றால் பெண் கொடுக்கப் போட்டி போட்ட காலம் ஒன்று உண்டு.

ஜெர்மானியர் கர்ட் டாங்க் தலைமையில் உருவாகி 1961 ஜூன் 17-ல் பறந்த 'மாருத்' போர் விமானம் வரைபலகையில் பிறந்தது. தகட்டை வெட்டி, துளையிட்டு, ரிவெட் அடித்தது தொழிலாளியின் கை.

2001 ஜனவரி 4-ல் பறந்த 'தேஜஸ்' கம்ப்யூட்டர் திரையில் பிறந்தது. பாகங்கள் பொருந்துமா என்று திரையிலேயே பார்த்துவிடுகிறார்கள். எடையில் சுமார் 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. தகட்டில் துளை தவறினால் வேறு தகடு போடலாம். கார்பன் இறக்கையில் தவறினால் நஷ்டம் கொஞ்சமல்ல. அதனால்தான் எந்திரம் வந்த பிறகும் தேர்ந்த கைக்கு மதிப்பு.

அடுத்தது மின்சார விமானம். என்.ஏ.எல். உருவாக்கும் இருவர் பயிற்சி விமானம் 'இ-ஹன்சா' பற்றி 2025-ல் மத்திய அமைச்சர் அறிவித்தார். பெட்ரோல் வேண்டாம், ஆனால் பேட்டரி பெருங்கனம், நெடுந்தூரம் போகாது.

பிள்ளையை ஐ.டி.ஐ.-யில் சேர்ப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, அங்கே சி.என்.சி. எந்திரம் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்பதுதான்.