தள்ளுவண்டிச் சக்கரம்

தள்ளுவண்டிச் சக்கரம் என்பது மண், எரு, செங்கல், கலவை முதலியவற்றைச் சுமக்கப் பயன்படும் ஒற்றைச் சக்கரக் கைவண்டியின் முன்புறத்தில் அமைந்துள்ள சக்கரம் ஆகும். இவ்வண்டி இரண்டாம் வகை நெம்புகோலாக இயங்குகிறது. சக்கரத்தின் அச்சு ஆதாரப் புள்ளியாகவும், கைப்பிடி விசை செலுத்தும் இடமாகவும் அமைய, சுமை இவ்விரண்டிற்கும் நடுவே உள்ளது. சுமையின் பெரும்பகுதியைச் சக்கரமே தாங்குகிறது. டயரில் காற்றுக் குறைந்தால் உருளல் தடை மிகுந்து, தள்ளுபவரின் தோளும் இடுப்பும் வருந்துகின்றன.

தருமபுரி மாவட்டத்தில்

தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் வறண்ட, கற்பாங்கான நிலம் மிகுதி. பாலக்கோடு வட்டாரத்தின் தக்காளித் தோட்டங்கள், பட்டு வளர்ப்போரின் மல்பெரித் தோட்டங்கள், கருங்கல் குவாரிகள், கட்டட வேலையிடங்கள் எனச் சுமை தள்ளவேண்டிய இடங்கள் பல. இத்தகைய நிலத்தில் டயருக்கு முதன்மையான பகை முள் ஆகும். வேலியோரச் சீமைக் கருவேலின் நீண்ட முள், டியூபின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கமும் துளைக்க வல்லது. நெருஞ்சிக் காயின் முள் சிறிதாயினும் கூர்மையானது. ஆங்கிலத்தில் இச்செடிக்குப் 'பஞ்சர் கொடி' எனப் பொருள்படும் பெயரே வழங்குகிறது.

காற்றிழப்பைக் கண்டறிதல்

காற்று இறங்கிய டயர் யாவும் முள் குத்தியதாகாது. முதலில் வால்வின் வாயில் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தல் வேண்டும். குமிழி எழுந்தால் வால்வின் உள்ளூசியை இறுக்குவதோ மாற்றுவதோ போதுமானது. இல்லையெனில் டியூபை வெளியே எடுத்து, காற்றடைத்து, நீரில் அமிழ்த்தி ஓட்டையைக் காணலாம். ஓர் ஓட்டை கிடைத்தவுடன் நிறுத்தாமல் டியூப் முழுவதையும் சோதிக்க வேண்டும்.

சில சக்கரங்களின் ரிம் இரு பாதிகளாகச் செய்யப்பட்டுப் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். காற்றை முழுவதும் வெளியேற்றும் முன் இந்தப் போல்ட்டுகளைக் கழற்றலாகாது. உள்ளழுத்தத்தால் ரிம்மின் பாதி தெறித்துக் கடுங்காயம் விளைவிக்கக்கூடும்.

ஒட்டுதல்

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் எனப்படும் ரப்பர்ப் பசையைத் தடவி, அது ஈரம் உலர்ந்து பிசுபிசுப்பான பின்னரே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். வால்வின் அடிப்பகுதி கிழிந்த டியூபில் ஒட்டு நிலைக்காது; டியூபை மாற்றுவதே முறை.

டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, ஒடிந்து தங்கிய முள்முனையை நீக்குதல் இன்றியமையாதது. இதனைச் செய்யாவிடில் ஒட்டிய டியூப் மீண்டும் அதே இடத்தில் துளைபடும்.

டயரின் பக்கச்சுவரில் குறிக்கப்பட்ட அழுத்தத்தை மீறிக் காற்றடைத்தல் கூடாது. பல தள்ளுவண்டி டயர்களில் இது சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அளவில் இருக்கும். டயர் சிறியதாதலால் கம்ப்ரசரில் சில நொடிகளிலேயே அளவு மீறிவிடும். ஆகவே சிறிது சிறிதாக அடைத்து அளந்து பார்த்தல் நன்று.

மாற்றுச் சக்கரம் தெரிவு செய்தல்

டயரில் 4.00-8 என்று குறிக்கப்பட்டிருந்தால், முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாம் எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். இதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 16 அங்குலம். ஆட்டோ ரிக்சாக்கள் பலவற்றிலும் இதே அளவு பயன்படுவதால், இவ்வளவுள்ள வண்டிக்கு டயரும் டியூபும் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும்.

முழுச் சக்கரத்தையும் மாற்றுவதாயின் நான்கு அளவுகள் தேவை: அச்சின் விட்டம், ரிம்மின் நடுக்குழாயின் நீளம், சக்கரத்தின் வெளிவிட்டம், வண்டிச் சட்டத்தின் இரு கைகளுக்கு இடைப்பட்ட அகலம். வெளிவிட்டம் மிகுந்தால் சக்கரம் தொட்டியில் உரசும். குறைந்தால் வண்டியின் முன்புறம் தாழும்.

சக்கரங்களின் வகைகள் பின்வருமாறு:

* காற்றடைத்த சக்கரம்: எடை குறைவு, அதிர்வைத் தாங்கும், உழுத மண்ணில் அதிகம் புதையாது. முள் குத்தும் இடர் உண்டு. டியூபினுள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் குத்திய சிறு துளைகளை மூடும், கிழிசலை மூடாது.
* நுரை நிரப்பிய சக்கரம்: பஞ்சர் ஆகாது. விலை மிகுதி, அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.
* திண்ம ரப்பர்ச் சக்கரம்: பஞ்சர் ஆகாது. கனமானது, அதிர்வு முழுவதும் கையை எட்டும், குறுகிய சக்கரம் இளகிய மண்ணில் புதையும்.

எனவே தோட்ட வேலைக்குக் காற்றடைத்த சக்கரமும், கல், கம்பி, ஆணி கிடக்கும் குவாரிக்கும் கட்டட வேலைக்கும் திண்மச் சக்கரமும் ஏற்றவை. இரண்டிற்கும் ஒரே வண்டி பயன்படுமாயின், அடைப்புத் திரவம் ஊற்றிய காற்றுச் சக்கரம் பொருத்தமாகும்.

பராமரிப்பு

சுமையுடன் நாட்கணக்கில் நிறுத்திவைத்தல் டயரின் பக்கச்சுவரில் வெடிப்பை உண்டாக்கும். வெயிலும் ரப்பரைக் கெடுக்கும். வேலை முடிந்தபின் வண்டியை நிழலில் கவிழ்த்து வைத்து, பேரிங்கிற்கு அவ்வப்போது கிரீசு இட்டுவந்தால் சக்கரம் நெடுநாள் உழைக்கும்.