எண்ணெய்ச் சொட்டும் எஞ்சின் பேரிங்கும்

பணி ஓய்வுக்குப்பின் நான் வாங்கிய பழைய மோரிஸ் மைனர் கார், நின்ற இடமெல்லாம் எண்ணெய்ச் சொட்டை விட்டுச் செல்லும். அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் கேஸ்கட்டை இருமுறை மாற்றினேன், ஒழுக்கு நின்றபாடில்லை.

மாணவர்களே, 1956-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் 1000 காரில் 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் உண்டு. அதன் கிராங்க் தண்டு மூன்று பேரிங்குகளில் சுழல்கிறது. தண்டின் பின்முனையில், இக்காலக் கார்களில் உள்ளது போன்ற ரப்பர் வளையம் கிடையாது. தண்டைச் சுற்றித் திருகுபோல் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது, வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை அப்பள்ளம் உள்ளே திருப்பித் தள்ளிவிடுகிறது. ஆர்க்கிமிடீசின் திருகு உங்களுக்கு நினைவுக்கு வரலாம். ஆயினும், பள்ளத்துக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் நடுவே இடைவெளி மிக நுண்ணியதாக இருந்தால்தான் இது பலிக்கும். பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். எண்ணெயும் மிகுதியாகப் பாயும். அப்போது கேஸ்கட்டை நூறுமுறை மாற்றினாலும் பயனில்லை.

எங்களூர் மெக்கானிக் முதலில் எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பார்த்தார். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் வெளியேறுமாம். அடைப்பில்லை. பிறகு எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைத் தூவி ஓட்டினார். (தூளுக்கு என்னிடம் பஞ்சமா?) பின்புறத்துத் தூள்தான் முதலில் கறுத்தது.

"ஐயா, மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து உறுமல் கேட்கிறதா?" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய் அழுத்த விளக்கு எரியாததையே நான் நற்சான்றிதழாகக் கொண்டிருந்தேன். அழுத்தம் அடியோடு குன்றிய பின்னரே அது எரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த வாரம் பேரக்குழந்தைகளுடன் நெடும்பயணம் புறப்படுவதாக இருந்தேன்!

எஞ்சினை இறக்கிப் பேரிங் மூடிகளைக் கழற்றினோம். நல்ல பேரிங்கின் முகம் சீரான சாம்பல் நிறமாயிருக்கும்; பின் பேரிங்கிலோ மேற்பூச்சு அழிந்து செப்புநிறம் தெரிந்தது. இடைவெளியை அளக்கும் முறை எளியது. பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய இழையைத் தண்டின்மேல் வைத்து, மூடியை விதித்த இறுக்கத்துக்கு முடுக்கி, தண்டைச் சுழற்றாமல் மீண்டும் கழற்ற வேண்டும். இழை அகலமாக நசுங்கியிருந்தால் இடைவெளி குறைவு; ஒடுங்கியே இருந்தால் மிகுதி. எங்கள் இழை ஏறக்குறைய வைத்தபடியே கிடந்தது. தண்டிலும் கீறல்கள் இருந்தமையால் அதை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கடைந்து, அவ்வளவுக்கேற்ற புதிய பேரிங்குகளைப் பொருத்தினோம். என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதம் கரைந்தது.

உறுமல் ஓய்ந்தது. சுழன்றால்தான் அத்திருகு வேலை செய்யும். ஆகவே நிறுத்திவைத்த காரிலிருந்து இன்னமும் இரவில் ஒரு சொட்டு விழுகிறது. அதற்கென்று அடியில் ஒரு பழைய வினாத்தாளை விரித்து வைத்திருக்கிறேன்.