மேற்கைத் தொய்வுக்கு எந்த அறுவைச் சிகிச்சை? முடிவு செய்வது கொழுப்பு அல்ல, தோல்

புதுதில்லி: உடல் எடை கணிசமாகக் குறைந்த பிறகு மேற்கையின் அடிப்பகுதியில் தோல் தளர்ந்து தொங்குவது பலருக்கும் ஏற்படும் சிக்கல். உடல் பருமன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதுவரை அதிகம் காணப்பட்ட இச்சிக்கல், எடை குறைப்பு ஊசி மருந்துகளான மௌஞ்சாரோ, வெகோவி ஆகியவை 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த பின்னர் மேலும் பலரது கவனத்துக்கு வந்துள்ளது.

இதற்கு இரு முக்கிய அறுவைச் சிகிச்சைகள் உள்ளன. ஒன்று, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிபோசக்‌ஷன். மற்றொன்று, உபரித் தோலை வெட்டி அகற்றும் பிராக்கியோபிளாஸ்டி. முதலாவதில் தழும்பு மிகச் சிறியது. இரண்டாவதில் அது அக்குளில் இருந்து முழங்கை வரை நீளக்கூடும். தழும்புக்கு அஞ்சி முதலாவதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால், பொருந்தாத கையில் அதைச் செய்தால் தொய்வு முன்பைவிட அதிகமாகத் தெரியும்.

முதலில் அறிய வேண்டியது

மேற்கை பருமனாகத் தெரிவதற்குக் கொழுப்பு, தோலின் தளர்வு அல்லது இரண்டும் சேர்ந்த நிலை காரணமாக இருக்கலாம். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டச் செய்து, அடிப்பகுதியை விரல்களால் பிடித்துப் பார்த்து மருத்துவர் இதைக் கணிக்கிறார். பிடியில் கனமான கொழுப்பு சிக்கி, தோல் விறைப்பாக இருந்தால் லிபோசக்‌ஷன் போதுமானது. மெல்லிய தோல் மட்டுமே மடிந்து தொங்கினால் அங்கு உறிஞ்சுவதற்குக் கொழுப்பு இல்லை. தோலை அகற்றுவதே தீர்வு. இரண்டும் இருப்பவர்களுக்கு இரு முறைகளும் இணைத்துச் செய்யப்படுவது உண்டு.

உடற்பயிற்சி மேற்கைத் தசைகளை வலுப்படுத்தும். ஆனால், மீள்தன்மையை இழந்த உபரித் தோலை அது சுருக்காது.

லிபோசக்‌ஷன்

சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளைகள் வழியாக, உப்புநீருடன் மரப்பு மருந்தும் ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தும் கலந்த திரவம் செலுத்தப்படுகிறது. பின்னர் மெல்லிய குழாய் மூலம் கொழுப்பு உறிஞ்சப்படுகிறது. சில வாரங்களுக்கு அழுத்த உறை அணிய வேண்டும். வீக்கம் முழுமையாக வடியச் சில மாதங்கள் ஆகலாம். எடை மீண்டும் கூடினால், எஞ்சியுள்ள கொழுப்புச் செல்கள் பெருத்துக் கையும் பருக்கும். கொழுப்பைச் சீராக எடுக்காவிட்டால் மேடு பள்ளங்கள் தோன்றும்.

பிராக்கியோபிளாஸ்டி

பெரும்பாலும் முழு மயக்க நிலையில் செய்யப்படும் இச்சிகிச்சையில், உபரித் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் அகற்றப்பட்டுத் தையல் இடப்படுகிறது. தையல் கோடு கையின் உட்புறத்தில் அமைந்தால், கையைத் தொங்கவிடும்போது மறைந்து, உயர்த்தும்போது தெரியும். பின்புறத்தில் அமைந்தால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம்.

தழும்பு மங்குவதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். கருநிறத் தோலில் தழும்பு தடித்துப் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தியர்களுக்கு இது கூடுதல் கவனத்துக்குரியது. காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தையல் விலகுதல், தோலுக்கு அடியில் நீர் கோத்தல், முன்கையின் உட்பகுதியில் மரத்துப்போதல் ஆகியவையும் ஏற்படக்கூடும்.

தொய்வு அக்குளை ஒட்டிய பகுதியில் மட்டும் இருந்தால், தழும்பு அக்குள் மடிப்புக்குள் அடங்கும் சிறிய அறுவைச் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். முழங்கை வரை தொய்வு உள்ளவர்களுக்கு அது பலன் தராது.

'கத்தியில்லா' சிகிச்சைகள்

ரேடியோ அலை வெப்பத்தால் தோலை இறுக்கும் முறைகள் லேசான தளர்வுக்கு மட்டுமே ஓரளவு உதவும். கொழுப்பை உறைய வைக்கும் கருவியால், அரிதாகச் சிலருக்குச் சிகிச்சை பெற்ற இடத்திலேயே கொழுப்பு பெருத்து வளர்வதும் உண்டு. கொழுப்பைக் கரைப்பதாகக் கூறி விற்கப்படும் அங்கீகாரமற்ற ஊசிகள் நிரந்தரத் தழும்பையும் தொற்றையும் ஏற்படுத்தக்கூடும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது.

காத்திருக்க வேண்டியவர்கள்

எடை இன்னும் குறைந்துகொண்டிருப்பவர்கள், அது சில மாதங்களாவது நிலையாக இருக்கும்வரை காத்திருப்பது நல்லது. புகைபிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே அதைக் கைவிட வேண்டும். இல்லையெனில் காயம் ஆறுவது தாமதமாகும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்களுக்குக் கையில் நிரந்தர வீக்கம் ஏற்படும் அபாயம் உள்ளதால், புற்றுநோய் மருத்துவரின் கருத்து அவசியம். எடை குறைப்பு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், அவற்றைப் பயன்படுத்துபவர்கள் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

செலவும் தகுதியும்

விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு, உடல்நலத்துக்கு உடனடி அபாயத்தை நீக்கும் சிகிச்சை ஆகியவை தவிர, அழகுக்கான அறுவைச் சிகிச்சைகளை மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. மருத்துவச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி விலக்கும் இவற்றுக்குப் பொருந்தாது.

பட்டறைகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது அழகுச் சிகிச்சை செய்வதற்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சையில் எம்.சிஎச். அல்லது டிஆர்என்பி பட்டம் பெற்றவரா, மயக்கவியல் மருத்துவர் உடன் இருப்பாரா, அவசரநிலையைச் சமாளிக்கும் வசதி அதே இடத்தில் உள்ளதா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. அந்த மருத்துவர் இதே சிகிச்சை அளித்தவர்களின் ஓராண்டுக்குப் பிந்தைய படங்களைக் காட்டுமாறும் கேட்கலாம். தழும்பின் உண்மையான தோற்றம் அப்போதுதான் தெரியும்.

மடிப்புகளில் புண்ணோ தொற்றோ இல்லாத வரை, மேற்கைத் தொய்வு ஒரு நோய் அல்ல. எனவே, எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு தேர்வுதான்.